யார் போனால் பரவாயில்லை?

"டீச்சர், 'ஆம்' அமுக்கவா, வேண்டாமா?"

பேக்கரி மாடியில் இருந்த கணினி வகுப்புக்குள், மடிக்கணினியைத் திறந்தபடியே ஏந்திக்கொண்டு, மூச்சு வாங்க நின்றார் தனுஷ்கோடி.

தூத்துக்குடியில் ஒரு ரத்த வங்கியின் சர்வரைப் பார்த்துக்கொள்பவர் அவர். அவருக்கு டேட்டாபேஸ் கற்றுக்கொடுத்தவர் ரெஜினா டீச்சர். குரு சீடரைவிட இருபது வயது இளையவர். ஞானத்திடம் பிறந்த தேதி கேட்கிற ஆட்கள் ஊரில் நிறைய உண்டு. தனுஷ்கோடிக்கு அந்த வியாதி கிடையாது.

டீச்சர் நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். இன்று ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான பராமரிப்பு. சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார். அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து போன். நாளைக் காலை ஒரு பெண்ணுக்குப் பிரசவ ஆபரேஷன், ஓ நெகட்டிவ் ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும். ரத்தம் கொடுப்பவர்கள் பட்டியலில் தேடினார். ஒரு பெயர்கூட வரவில்லை.

பயந்துபோய்ச் சோதனை ஓட்டினால், டேட்டாபேஸ் சிதைந்திருக்கிறது என்று திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. எடுத்து வைத்திருந்த பேக்கப் நகலைத் திறந்தால் அதிலும் அதே சிவப்பு. கடைசியில் பழுது நீக்கும் கட்டளையைத் தட்டினார். அது ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நிற்கிறது.

திரையைத் திருப்பிக் காட்டினார்.

'சில தரவுகள் இழக்கப்படலாம். தொடரலாமா?'

"சிலன்னா யாரு?" என்றார் டீச்சர்.

"அது எப்படித் தெரியும்? வாசிக்க முடியாததை வெட்டி எறிஞ்சிரும். மிச்சம் பிழைக்கும்."

"சம்மதம் கேக்குது உங்ககிட்ட. யாரு போனா பரவாயில்ல, அண்ணாச்சி?"

தனுஷ்கோடிக்குக் கோபம் வந்தது. ஒரு கேள்விக்குப் பதில் தேடி ஓடி வந்தால், இங்கே இன்னொரு கேள்வி. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

ஒரு பெயரும் வரவில்லை.

'வேண்டாம்' என்பதை அமுக்கினார்.

டீச்சர் முதலில் சிதைந்ததைச் சிதைந்தபடியே ஒரு நகல் எடுக்கச் சொன்னார். எடுத்தார்.

"இனி தேடாதீங்க. முதல் ஆள்லேர்ந்து வரிசையா கூப்பிடுங்க. யாரு வரலன்னு பாப்போம்."

நிறைய நேரமாகும் என்றார் தனுஷ்கோடி. ஆகட்டும் என்று சொல்லிவிட்டு, டீச்சர் கீழே டீக்குக் குரல் கொடுத்தார்.

திரையில் பெயர்கள் வர ஆரம்பித்தன.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் சவேரியார். பிறந்த நாளைக் கேக் வெட்டாமல் ரத்தம் கொடுத்துக் கொண்டாடுகிறவர் அவர். ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடி ஜெபிக்கும் கன்னியாஸ்திரீ ஒருவர். போன மாதம் கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து பட்டுவேட்டியோடு ஓடி வந்த பையன். ஒவ்வொரு பெயருக்கும் தனுஷ்கோடி தலையை ஆட்டினார். ஆட்டுவது அவருக்கே தெரியாது.

நடுவில் ஒரு ஓ நெகட்டிவ் வந்தது. மரகதவல்லி, முத்தையாபுரம்.

பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே போன் போட்டார். காலையில் வந்துவிடுகிறேன் என்ற அந்த அம்மா, சாப்பிட்டுவிட்டு வரலாமா என்று கேட்டார்.

"நல்லா சாப்பிட்டுட்டே வாங்கம்மா" என்றார் தனுஷ்கோடி.

மிச்சப் பெயர்களும் வந்தன. கடைசிப் பெயரும் வந்து திரை நின்றது. எந்த இடத்திலும் தடங்கல் இல்லை.

"எல்லாரும் இருக்காவ டீச்சர்."

அப்போதுதான் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த வயதில் அழுகிறோமே என்ற வெட்கம்கூட அவருக்கு வரவில்லை, அவ்வளவு நிம்மதி. டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

பிறகுதான் சந்தேகம் வந்தது. அப்படியானால் அந்தச் சிவப்பு எழுத்தெல்லாம் என்ன?

டீச்சர் அவற்றைத் திரையில் வரவழைத்து, இந்த முறை ஒவ்வொரு வரியையும் கடைசிச் சொல் வரைக்கும் வாசிக்கச் சொன்னார். வாசித்தார். எல்லா வரியும் ஒரே இடத்தில் போய் முடிந்தது. ஆட்களின் விவரம் இருக்கும் இடம் அல்ல அது. ரத்த வகையைச் சொன்னதும் ஆளைச் சட்டென்று எடுத்துக் கொடுக்க, மெஷின் தன் வசதிக்காகத் தனியே எழுதி வைத்துக்கொள்ளும் இண்டெக்ஸ். அதை அழித்தால் ஒருவரும் போகமாட்டார்கள். மறுபடி எழுதச் சொன்னால் மெஷின் எழுதிக்கொள்ளும்.

இதெல்லாம் தனுஷ்கோடிக்குத் தெரியும். இதே அறையில் படித்ததுதான்.

இண்டெக்ஸை அழித்தார். புதிதாக எழுதச் சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"பின்ன ஏன் டீச்சர், ஓ நெகட்டிவ் ஒருத்தருமே இல்லன்னு அது சொல்லிச்சு?"

"இல்லன்னு அது சொல்லவே இல்ல அண்ணாச்சி" என்றார் ரெஜினா. "எனக்குக் கிடைக்கலன்னுதான் சொல்லிச்சு."