கரடி வீட்டுச் சுனை

ஒரு காட்டில், பாறைச் சரிவில், ஒரு கரடி குடியிருந்தது. பாசக்காரக் கரடிதான். ஆனால் வேலை என்றால் அதற்கு உடனே கொட்டாவி வந்துவிடும்.

அதன் குகை வாசலிலேயே ஒரு சுனை இருந்தது. வருடா வருடம் மழைக்காலத்தில் ஆற்றில் வெள்ளம் வந்ததும், ஒரு நீர்நாய் தன் இரண்டு குட்டிகளோடு அந்தச் சுனைக்கு வந்துவிடும். குட்டிகள் பாறையில் சறுக்கித் தொபுக்கென்று தண்ணீரில் விழும். கரடி அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்கும். வெள்ளம் வடியும்வரை கரடிக்குத் திருவிழாதான்.

போன வருடம் அந்தத் திருவிழா பாதியில் முடிந்துபோனது. சுனையின் அடிச்சேற்றில் கிடந்த முள் ஒன்று சின்னக் குட்டியின் காலில் ஏறிவிட்டது. நீர்நாய் அன்றே கிளம்பிவிட்டது.

"அண்ணா, உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அடுத்த மழைக்கு வருகிறேன். சுனையின் தரை தெரிந்தால் தங்குகிறேன்" என்றது.

"தெரியும் பார், கூழாங்கல்லை எண்ணலாம்!" என்றது கரடி.

சொன்னபடியே மறுநாள் சுனையில் இறங்கியது. நாவல் இலைகளை அள்ளியது, பாசியைச் சுரண்டியது, சேற்றை வாரி வெளியே போட்டது. மூன்றாம் நாள் அதற்கு ஏக்கம் வந்துவிட்டது. பாறைமேல் உட்கார்ந்து ஆற்றுப் பக்கத்து வழியையே பார்த்தது.

"குட்டிகள் இப்போது என்ன செய்கின்றனவோ. கால் ஆறியிருக்குமோ என்னவோ" என்று பெருமூச்சு விட்டது.

நாள் முழுக்க வழியைப் பார்த்தால் சுனையை யார் பார்ப்பது? இலைகள் விழுந்தன, ஊறின, அழுகின. காற்றில் ஒடிந்த முள்கிளைகளும் உள்ளே விழுந்தன. கரடி எதையும் கவனிக்கவில்லை. பாவம், அதன் மனசெல்லாம் குட்டிகளிடம் இருந்தது.

ஒருநாள் குரங்கு மரத்திலிருந்து கத்தியது. "கரடியாரே! ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது. உங்கள் விருந்தாளிகள் நாளைக்கு வந்துவிடுவார்கள்!"

கரடி துள்ளி எழுந்து சுனையைப் பார்த்தது. தண்ணீர் பழுப்பாகக் கலங்கிக் கிடந்தது.

"ஐயோ! ஒரே நாளில் இதை எப்படிச் சுத்தம் செய்வேன்?"

"எதற்குச் சுத்தம் செய்ய வேண்டும்? தரை தெரிந்தால் போதாதா?" என்று குரங்கு கண்ணைச் சிமிட்டியது. "தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலந்துவிடுங்கள். கலங்கல் எல்லாம் அடியில் படிந்துவிடும். சேற்றின் மேல் நாலு கூடைக் கூழாங்கல்லைத் தூவுங்கள். அதுதான் தரை!"

கரடிக்கு அது சரியென்று பட்டது. குரங்கு கொட்டைகளைப் பறித்துப் போட, கரடி கை நோகப் பாறையில் உரைத்தது. கூழாங்கற்களைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக மெதுவாக இறக்கியது. மறுநாள் காலையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் கற்கள் பளபளத்தன.

நீர்நாயும் வந்தது. குட்டிகள் நன்றாக வளர்ந்திருந்தன. சின்னது மட்டும் லேசாக நொண்டியது.

"அண்ணா, எத்தனை அழகாக வைத்திருக்கிறீர்கள்!" என்று நீர்நாய் கண் கலங்கியது. கரடி தலையைச் சொறிந்துகொண்டது.

"நான்தான் முதலில்!" என்று பெரிய குட்டி சறுக்கித் தொபுக்கென்று விழுந்தது.

கற்கள் சேற்றில் புதைந்தன. அடியில் இருந்ததெல்லாம் குபுகுபுவென்று கிளம்பியது. நொடியில் சுனை கறுத்துவிட்டது. உள்ளே குட்டி எங்கே என்று தெரியவில்லை.

"அம்மா!" என்று மட்டும் குரல் கேட்டது.

நீர்நாய் பாய்ந்து குட்டியை இழுத்து வந்தது. குட்டியின் முதுகில் முள் கீறியிருந்தது. குரங்கு சத்தமில்லாமல் வேறு மரத்துக்குத் தாவிவிட்டது.

"தங்கச்சி, உங்களை நினைக்காத நாளில்லை. தினமும் வழியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்" என்று கரடி அழுதது.

"தெரியும் அண்ணா. அந்த நேரத்தில் தினமும் ஓர் இலையை எடுத்திருந்தால் நான் தங்கியிருப்பேன்."

நீர்நாய் குட்டிகளை அழைத்துக்கொண்டு கிளம்பியது. திட்டியிருந்தால்கூடக் கரடிக்குத் தேவலையாக இருந்திருக்கும். மூன்றும் மழையில் மேட்டுப் பக்கம் நடந்தன. சின்னக் குட்டி மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

மறுநாள் காலை சுனையில் ஒரு நாவல் இலை விழுந்தது. கரடி இறங்கி அதை எடுத்தது. பிறகு குனிந்து சேற்றை வாரத் தொடங்கியது. வழியைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. ஆனாலும் அது நிமிரவில்லை.

நீதி: அன்புக்குரியவர்களுக்காக ஏங்கினால் மட்டும் போதாது, அவர்களுக்காகச் செய்ய வேண்டியதை அன்றாடம் செய்ய வேண்டும்.