மானி சாரும் மறுகால் பாஞ்ச வருசமும்

காத்தடிச்சான்குளம்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல மனுசங்க கிடையாது. ஓட்டுப் போடுறது, டீக்கடையில உக்காந்து ஊர்க்கத பேசுறது, பொன்னாடை போத்திக்கிறது எல்லாமே பொருளுங்கதான். மத்தபடி நம்ம ஊரு மாதிரியேதான் இருக்கும்.

பஞ்சாயத்து ஆபீஸ் வளாகத்துல, ஒரு சிமெண்ட் மேடை மேல, மழைமானி ஒருத்தர் நின்னாரு. பேயுற மழை எவ்வளவுன்னு அளந்து சொல்றது அவரு வேல. ஊருக்கே அவரு 'மானி சார்'. தெனமும் காலையில எட்டரை மணிக்குத் தொண்டையச் செருமிக்கிட்டு, "நேத்து... பூஜ்யம்"பாரு. பூஜ்யத்தையே ஏதோ பட்டம் வாங்குன மாதிரி நிறுத்தி நிதானமாச் சொல்லுவாரு. பதினெட்டு வருசமா ஒரு நாள் லீவு போட்டதில்ல. "மானி சார் சொல்லிட்டார்னா முடிஞ்சுது, அதுக்கு மேல பேச்சு இல்ல"ன்னு ஊர்ல பேசிக்குவாக. அப்பிடிப் பேசுறப்போ அவரு வேற எங்கயோ பாக்குற மாதிரி நிப்பாரு. காது மட்டும் இங்க இருக்கும்.

அந்த வருசம் ஊர்ல தண்ணிப் பஞ்சம். குளம் காஞ்சு வெடிச்சுக் கெடந்துச்சு. பஞ்சம் வந்தா யாரு மேலயாவது பழிபோட்டாத்தான் தூக்கம் வரும்ல. அதுக்கு ஆளு தயாரா இருந்தாரு, ஜெனரேட்டர் அண்ணாச்சி.

பன்னெண்டு வருசத்துக்கு முன்னால வரைக்கும் ஊர்ல கரெண்டு போச்சுன்னா அண்ணாச்சிதான் ராசா. கல்யாணமா, கோயில் கொடையா, அவரு டீசலக் குடிச்சுட்டு டகடகன்னு நின்னாத்தான் லைட் எரியும். அப்புறம் மேக்க மலையடிவாரத்துல காத்தாடி வந்துச்சு. காத்துல சுத்திக் கரெண்டு எடுக்குற நெட்டச்சி. அவ வந்ததுல இருந்து கரெண்டு போறதில்ல. அண்ணாச்சி டீக்கடை ஓரமாச் சும்மா நின்னாரு. சும்மா நிக்கிறவங்களுக்கு யோசன நெறைய வரும்.

"டக் டக்... நான் ஒண்ணு கேக்கேன். மேகம் எங்கிருந்து வருது? மேக்க இருந்து. அந்தக் காத்தாடி எங்க நிக்கா? மேக்க. மூணு கையையும் இப்பிடி வீசிக்கிட்டு நின்னா எந்த மேகம்வே உள்ள வரும்? ஒம்ம வீட்டு வாசல்ல ஒருத்தன் கம்பு சுத்துனா விருந்தாளி வருவானா?"

டீக்கடை பெஞ்சு தலையாட்டுச்சு. அதுக்கு ஒரு காலு குட்டை. யாரு என்ன சொன்னாலும் ஆடும்.

"என்னைய நம்பாண்டாம். மானி சார்ட்ட கேளுங்க. அவ வந்த வருசத்துல இருந்து மழை கொறஞ்சுருக்கா இல்லியான்னு."

மறுநாளே பஞ்சாயத்துத் தலைவர் குடத்தக்கா நேர்ல வந்துட்டா. மஞ்ச பிளாஸ்டிக் குடம். வாய் அகலம், மனசும் அகலம். ஆனா வயிறு காலி. காலி வயித்தோட யாரும் பொறுமையாப் பேச முடியாது.

"சார், பதினெட்டு வருச அளவும் வேணும். வெள்ளிக்கெழம கிராம சபை. காத்தாடிய எடுக்கச் சொல்லித் தீர்மானம் போடப் போறோம். நீங்கதான் எந்திரிச்சு வாசிக்கணும்."

மானி சாருக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் குளுந்துச்சு. ஊரே காது குடுத்துக் கேக்கப் போகுது. ஒரு தரம் வாசிச்சுப் பாப்போமேன்னு ஆரம்பிச்சாரு.

"மொத ஆறு வருசம்... அறுநூத்திப் பத்து, நானூத்தி எம்பது, எழுநூறு, ஐநூத்தி அம்பது, அறுநூத்தி முப்பது, ஐநூத்தி இருவது. எல்லாம் மில்லிமீட்டர். அப்புறம் காத்தாடி வந்தா. ஐநூத்திப் பத்து, ஐநூறு, நானூத்தித் தொண்ணூறு, நானூத்தி எழுவத்தஞ்சு..."

அப்பிடியே எறங்கிக்கிட்டே வந்து, "அவ வந்த எட்டாவது வருசம் நானூத்தி இருவது"ன்னாரு.

"எட்டாவது வருசமா?" குடத்தக்கா சிரிச்சா. "அந்த வருசத்த மறப்பனா. குளம் ரொம்பி மறுகால் பாஞ்சுதுல்லா. கரையில இருந்த என்னைய அடிச்சுட்டுப் போயி, மூணாவது ஊர்ல முள்ளுச்செடியில மாட்டிக் கெடந்தேன். சரி சார், வெள்ளிக்கெழம பாப்போம்."

குடத்தக்கா போயிட்டா. மானி சார் கணக்குப் போட ஆரம்பிச்சாரு.

மறுகால் பாயணும்னா குளம் நெறஞ்சு வழியணும். எழுநூறு பேஞ்ச வருசத்துலயே குளம் முக்காவாசிதான். நானூத்தி இருவதுல எப்பிடி வழியும்?

அவரு அளவ இன்னொரு தரம் மனசுக்குள்ள ஓட்டிப் பாத்தாரு. மொத ஆறு வருசம் ஏறி, எறங்கி, கிறுக்கு மாதிரி இருக்கு. மழைன்னா அப்பிடித்தான். பின்னால பன்னெண்டு வருசமும் படிக்கட்டு மாதிரி எறங்குது. ஒரு வருசங்கூட ஏறல. மழை எப்பவாவது ரேசன் கட வரிசை மாதிரி ஒழுங்கா வந்துருக்கா?

சாயங்காலம் மேக்காத்து அடிச்சப்போ மலைப் பக்கமாக் கொரல் குடுத்தாரு. "பிள்ள, மறைக்காமச் சொல்லு. நீ மேகத்த வெரட்டுதியா?"

காத்தாடி பேசுனா மூணு மூணு வார்த்தையாத்தான் வரும். ஒரு இறக்கைக்கு ஒரு வார்த்த.

"நான்... யாரையும்... வெரட்டல. மேகம்... ரொம்ப... ஒசரம். தெனமும்... எட்டிப்... பாத்துருக்கேன். ஒருதரங்கூட... கை... எட்டல." ஒரு சுத்து சும்மா சுத்துனா. "என்னைய... வெட்டிப்... போட்ருவாகளா?"

"தெரியலயே தாயி. நீ சொல்றத நான் நம்புதேன். ஆனா நான் நம்புறது பத்தாது. இந்த எண்ணு ஏன் இப்பிடி எறங்குதுன்னு தெரியணும்."

வியாழக்கெழம மத்தியானம் சின்னதா ஒரு தூத்தல். அஞ்சு நிமிசம். தூத்தல் நின்னு வெயிலும் அடிச்சிருச்சு. மானி சாரு உள்ள விழுந்தத எண்ணிக்கிட்டு இருந்தாரு. டொக். கொஞ்ச நேரங்கழிச்சு இன்னொரு டொக். வெயில் சுள்ளுன்னு அடிக்கி. டொக்.

மழை நின்ன பொறவு எவன் பேயுதான்?

மானி சாருக்கு வாய் வானத்தப் பாத்து இருந்தாலும், கண்ணு எப்பவும் வயித்துக்குள்ள இருக்குற அளவுக்கோட்டு மேலதான். பதினெட்டு வருசமா அதத் தவிர வேற எதையும் பாத்ததில்ல. அன்னைக்குத்தான் அண்ணாந்து பாத்தாரு.

தலைக்கு மேல வானத்தக் காணோம். பச்சைப்பசேல்னு ஒரு மரக்கொப்பு, குடை மாதிரி விரிஞ்சு நின்னுச்சு.

"யாரு நீ?"

"நான் புங்கை, சார். வணக்கம். ரொம்ப வருசமாச் சொல்லணும்னு நெனப்பேன். நீங்க எப்பவும் எண்ணிக்கிட்டே இருந்தியளா, தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டேன்."

"எப்ப வந்த?"

"காத்தாடி அக்காவத் தொறந்து வச்சாகல்லா, அன்னைக்குத்தான். இயற்கைய வளக்கணும்னு மரக்கன்று நடு விழாவும் வச்சுருந்தாக. போட்டோவுக்கு வெளிச்சம் இங்கதான் நல்லாருக்குன்னு உங்க பக்கத்துலயே குழி தோண்டி நட்டுட்டாக. நட்டப்போ உங்க முட்டிக்குக் கூட வரல. அப்புறம் வருசா வருசம்..." புங்கை வெக்கப்பட்டுச்சு. "உங்களுக்கு வெயில் படக் கூடாதேன்னு இந்தக் கொப்ப மட்டும் பாத்துப் பாத்து வளத்தேன் சார்."

மானி சாரு கொப்பையும் அளவுக்கோட்டையும் மாறி மாறிப் பாத்தாரு. கொப்பு வளர வளர மழை அது மேல விழுந்து அந்தாண்ட ஓடிருக்கு. மிச்ச சொச்சம் இவரு வயித்துக்கு. கொறஞ்சது வானத்துல இல்ல, இவரு தலைக்கு மேல.

"ஏதும் தப்புப் பண்ணிட்டனா சார்?"

"நீ வளந்த. மரம்னா வளரும். அண்ணாந்து பாக்காதவன் நானு."

அன்னைக்குப் பூரா மானி சாரு யோசிச்சாரு. சும்மா இருந்தா அவரு பேரு பத்திரம். எண்ணு எண்ணுதான், வாசிச்சுட்டு உக்காந்துரலாம். ஆனா காத்தாடி போயிருவா. சொன்னா அவ தப்பிச்சுக்குவா, ஆனா பன்னெண்டு வருசமா எட்டரை மணிக்குத் தொண்டையச் செருமிச் சொன்னது எல்லாம் தப்புன்னு அதே தொண்டையாலச் சொல்லணும்.

வெள்ளிக்கெழம வளாகம் நெறஞ்சு கெடந்துச்சு. வார்டு உறுப்பினர் மைக் எந்திரிச்சாரு.

"அலோ... அலோ... செக்... செக்... மாபெரும், வரலாறு காணாத, அகில உலகமே திரும்பிப் பாக்குற இந்தக் கிராம சபையிலே..." வந்திருந்தது நாப்பது பேரு. அதுல பதினாறு நாற்காலி.

குடத்தக்கா மானி சாரு பக்கம் திரும்புனா. "சார், வாசிங்க."

மானி சாரு தொண்டையச் செருமுனாரு. "நான் வாசிக்க மாட்டேன். காத்தாடி வந்ததுக்கு அப்புறம் நான் சொன்ன அளவு எல்லாமே தப்பு. எம் மேல மரம் மறைச்சிருக்கு. எனக்கு அது நேத்துதான் தெரியும்."

நாற்காலிங்க எல்லாம் ஒரே நேரத்துல கிரீச்சுன்னுச்சு.

ஜெனரேட்டர் அண்ணாச்சி முன்னால வந்தாரு. "டக்... இருங்க சார். அப்ப மழை கொறையல?"

"தெரியாது."

"கூடிருக்கா?"

"தெரியாது."

"காத்தாடி வெரட்டல, அதாவது தெரியுமா?"

"அவ வெரட்டுனான்னு சொல்றதுக்கு உங்க கையில இருந்த ஒரே சாட்சி நான். அந்தச் சாட்சி சரியில்ல. வானம் கருத்தா மழை வரும்னு ஒரு கணக்கு வச்சா, அண்ணாச்சி வருசக்கணக்காப் பொகை விட்டு வானத்தக் கருப்பாக்குனதுக்கு நாம எல்லாரும் வெள்ளத்துல போயிருக்கணும்."

பெஞ்சு சிரிச்சுச்சு. அண்ணாச்சி திரும்பிப் பாத்ததும் பெஞ்சு அவருக்கும் தலையாட்டிச்சு.

குடத்தக்கா நேரா அவரப் பாத்தா. கோவம் இல்ல, தாகம். "சார், ஊரே உங்க வாயத்தான் நம்பி இருந்துச்சு. நான் பூரா ஊருக்கும் பதில் சொல்லணும். இப்பப் போயி தெரியாதுங்கியளே."

"தெரிஞ்சுக்கிறதுக்கு வழி இருக்கு தலைவரம்மா. மரத்தத் தொட வேண்டாம். என்னைய எடுத்து வெட்டவெளியில வைங்க. இடம் மாத்துனாப் போதும்."

அடுத்து என்ன செய்யன்னு யாருக்கும் தெரியல. மைக் மெதுவா ஒரு இருமல் இருமுனாரு.

"அலோ... ஒரு சின்ன விசயம். தீர்மானம் டைப் அடிச்சாச்சு. ஆறு காப்பி. 'ஊருக்குக் கேடு விளைவித்த காத்தாடியை அகற்றுவது' அப்பிடின்னு இருக்கு. இதுல 'காத்தாடி'ய மட்டும் பேனாவால அடிச்சுட்டு 'மழைமானி'ன்னு போட்டா, காயிதமும் வீணாகாது."

எல்லாருக்கும் நிம்மதியாப் போச்சு. மளமளன்னு கை தூக்குனாக. கை இல்லாதது எல்லாம் காதத் தூக்குச்சு. குடத்தக்காவுக்கு ஒரு காதும் கிடையாது. அவ தூக்காம இருந்தது யாரு கண்ணுக்கும் தெரியல.

மானி சாரு கேட்டது இடமாத்தம். கெடச்சது அகற்றம்.

சாயங்காலம் கடப்பாரை வந்தான். பஞ்சாயத்துல தோண்டுற வேல எல்லாம் அவந்தான். "மன்னிச்சுக்கோங்க சார். ஆர்டர்."

"எங்கப்பா போடச் சொல்லிருக்காக?"

"எடம் எழுதல சார். அகற்றுன்னு மட்டுந்தான் இருக்கு. குளத்தங்கரையத் தாண்டுனா பொட்டக்காடு. ஒரு புல்லு கிடையாது. அங்க கொண்டு போயி வீசிரலாம்னு..."

"வீசாத. நேரா நிறுத்து. சாஞ்சா அளவு தப்பும்."

கடப்பாரை தலையச் சொறிஞ்சான். பொறவு அங்க குழி தோண்டி, நேரா நிறுத்தி, சுத்தியும் மண்ண மிதிச்சு விட்டுட்டுப் போனான். தூரத்துல காத்தாடி நின்னு பாத்தா. "சார்... எனக்காக... நீங்க..."ன்னு ஆரம்பிச்சா. "ஒனக்காக இல்ல பிள்ள, மறுகால் பாஞ்சதுக்காக"ன்னாரு.

நாலாம் நாளு மழை வந்துச்சு. மேக்க இருந்து, காத்தாடி தலைக்கு மேலேயே வந்துச்சு. ராத்திரிலாம் அடிச்சுப் பேஞ்சுது.

விடிஞ்சதும் டீக்கடையில சண்ட. மைக்கு, "வரலாறு காணாத மழை"ங்காரு. அண்ணாச்சி, "எம் மேல போட்ட தார்ப்பாய் கூட நனையல"ங்காரு. பெஞ்சு ரெண்டு பேருக்கும் ஆடுது. குழாயில தண்ணிய தெனமும் விடவா, மூணு நாளைக்கு ஒருக்க விடவான்னு குடத்தக்கா முடிவு பண்ணியாகணும். எட்டரை மணி ஆச்சு. எல்லாரும் பழக்கத்துல ஆபீஸ் வளாகத்தப் பாத்தாக. காலி மேடை. புங்கை மட்டும் சொட்டச் சொட்ட நின்னுச்சு.

குடத்தக்கா யாருட்டயும் சொல்லாம சேத்துல உருண்டு உருண்டு பொட்டக்காட்டுக்கு வந்து சேந்தா.

"எவ்வளவு சார்?"

மானி சாரு வயித்துக்குள்ள பாத்தாரு. அப்புறம் மேல பாத்தாரு. தலைக்கு மேல வெறும் வானம். இன்னொரு தரம் கீழ பாத்தாரு.

"நேத்து... நாப்பத்தி ஒண்ணு."

"அது கொறச்சலா, கூடுதலா?"

"ஒரே ஒரு எண்ண வச்சு என்னம்மா சொல்ல? இன்னும் நாலு மழை வரட்டும்."

"எப்ப வரும்?"

"தெரியாது."

இந்தத் தரம் குடத்தக்கா 'தெரியாதுங்கியளே'ன்னு கேக்கல. மேக்க பாத்தா. மலைக்கு அந்தப் பக்கம் என்னமோ கருத்துக்கிட்டு இருந்துச்சு. சேத்த உதறிக்கிட்டு மானி சாரு பக்கத்துல நிமிந்து உக்காந்தா, வாயப் பொளந்துக்கிட்டு.