பீரோவுக்குக் குளிர் வந்த கதை

ஆவாரங்குளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, யாரிடமாவது "ஆவுடையப்பன் ரிப்பேர் கடை எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் உங்கள் கையிலிருக்கும் சாமானைப் பரிதாபமாக ஒரு பார்வை பார்ப்பார்கள். அதற்கப்புறம்தான் வழி சொல்வார்கள்.

பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் கடைக்குள் போன சாமான் எதுவும் உயிரோடு வெளியே வந்ததில்லை. அதற்காக ஆவுடையப்பனைக் கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்குத் திருட வராது, பொய் சொல்ல வராது, ரிப்பேர் பார்க்கவும் வராது. மூன்றாவது விஷயம் மட்டும் அவருக்கே தெரியாது. எந்தச் சாமானையும் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற பக்குவத்தில் கழற்றுவார், துடைப்பார், திரும்ப மாட்டுவார். மாட்டி முடித்தால் நாலு திருகாணி மிச்சமிருக்கும். "கம்பெனிக்காரன் தாராளமாப் போட்டிருக்கான்" என்று சந்தோஷப்படுவார்.

உதவிக்குச் சங்கிலி, உத்தண்டி என்று இரண்டு பேர். இருவருக்கும் முப்பது வயது தாண்டிவிட்டது. தொழிலில் ஆவுடையப்பனுக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களுக்கும் தெரியும்.

கடையும் வீடும் ஒன்றுதான். மூன்று ஃபிரிட்ஜ், ஏழு டி.வி., இரண்டு வாஷிங் மெஷின் என்று செத்த சாமான்கள் கடையை நிறைத்து, கூடத்தை நிறைத்து, அடுக்களை வாசல் வரை வந்துவிட்டன. ஆவுடையப்பனின் மனைவி கோமுவுக்குக் காலை நீட்டிப் படுக்க இடமில்லை. அவளுடைய சேலைகள் அரிசிச் சாக்கில் கிடந்தன. ஒருநாள் கல்யாணப் பட்டுச் சேலையை எடுத்து உதறினாள். உள்ளேயிருந்து இருபது வண்டு விழுந்தது.

அன்றைக்கே அவள் பையைத் தூக்கிவிட்டாள்.

"இந்தா பாருங்க, நான் கடையநல்லூருக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். பதினஞ்சு நாள்ல வருவேன். வரும்போது என் சேலைய வைக்க ஒரு பீரோ இருக்கணும். இந்த ஓட்டை உடைசல வீட்டுக்கு உதவுற மாதிரி ஆக்குவீங்களோ, ஆத்துல கொண்டு போடுவீங்களோ, எனக்குத் தெரியாது. இல்லேன்னா வந்த கால்லயே திரும்பிருவேன். அப்புறம் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

கோமு சொன்னால் செய்கிறவள். அவள் இல்லாத வீட்டில் ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்காது. சோறு இறங்காது என்பதைச் சொல்லவும் ஆள் இருக்காது. அவர் உடனே கூட்டம் போட்டார்.

"மைனி ரெண்டு வழி சொல்லியிருக்காங்க அண்ணாச்சி. ஆத்துல போடுததுதான் லேசு" என்றான் சங்கிலி.

"ஆத்துல தண்ணி இல்லையேலே."

"தண்ணி இல்லாத ஆத்துல போட்டா அது மணல்ல போட்டதால்லா ஆயிரும்? மைனி மணல்னு சொல்லலையே" என்றான் உத்தண்டி.

மூவரும் யோசித்துப் பார்த்து, மழை பெய்கிற வரை அந்த வழி அடைபட்டிருப்பதாக முடிவு செய்தார்கள். மிச்சமிருந்தது ஒரே வழி. நல்லவேளையாக உத்தண்டி தின்ற வடையைச் சுற்றியிருந்த பேப்பரில், "பழைய மின்சாதனங்கள் இனி உங்கள் வீட்டு அலமாரிகள்!" என்று ஒரு கட்டுரை இருந்தது. எண்ணெய் படாத வரிகளை அவன் உரக்கப் படித்தான்.

"உங்களுக்குப் பிடித்த நிறத்தைப் பூசவும்" என்று முதல் வரி. உங்களுக்கு என்றால் யாருக்கு? மூன்று பேர் இருக்கிறார்களே. ஆகவே இருந்ததிலேயே பெரிய ஃபிரிட்ஜின் இடது பக்கத்துக்குச் சங்கிலி பச்சை அடித்தான். வலது பக்கத்துக்கு உத்தண்டி ரோஸ் அடித்தான். கதவு ஆவுடையப்பனுக்கு. அவர் தூரிகையைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். தனக்குப் பிடித்தது கோமுவுக்குப் பிடித்ததுதான் என்று அவருக்குத் தெரியும். கோமுவுக்குப் பிடித்தது எது என்றுதான் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷமாகக் கேட்காமலே இருந்துவிட்டோமே என்று அவருக்கு அழுகை முட்டியது. கடைசியில் சாக்கிலிருந்த சேலைகளை எண்ணிப் பார்த்தார். அரக்குதான் அதிகம். கதவுக்கு அரக்கு அடித்தார்.

"குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கவும்" என்றது அடுத்த வரி. எந்தச் சாமானை என்பதை எண்ணெய் தின்றுவிட்டது. வாஷிங் மெஷினாகத்தான் இருக்கும் என்று பட்டது. வீட்டில் குழந்தை இல்லாததால், எதிர்வீட்டு லூர்து டீச்சரின் மகளைக் கூப்பிட்டு அளவெடுத்தார்கள். அவள் பன்னிரண்டாம் வகுப்பு, பள்ளி வாலிபால் அணிக்குக் கேப்டன். கையை உயர்த்தினால் ஏழரை அடி. ஆகவே வாஷிங் மெஷின் எட்டடி உயரத்தில், விட்டத்தை ஒட்டிப் பரணில் ஏறியது. அழுக்குத் துணியைக் கீழேயிருந்து வீசி உள்ளே விழவைக்கச் சங்கிலி நாலு நாள் பழகினான். வாஷிங் மெஷினில் விழுந்த துணி துவைத்த துணிதானே என்று மறுநாள் காலையில் ஏணி வைத்து ஏறி, அதே சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான்.

ஒரு டி.வி.யின் வயிற்றைக் காலி செய்து தட்டு, டம்ளர்களை அடுக்கினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. உத்தண்டி மட்டும் அரைமணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்துவிட்டு, டம்ளரையே காட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று சலித்துக்கொண்டு எழுந்து போனான்.

இனி ஃபிரிட்ஜ், அதாவது பீரோ. தட்டுகளை உருவிவிட்டு, சேலை தொங்கவிடக் குறுக்கே ஒரு கம்பி வைத்தார்கள். கோமு சேலை தேடும்போது வெளிச்சம் வேண்டுமே என்று பிளக்கையும் செருகினார்கள். உள்ளே விளக்கு எரிந்தது. கம்பி மட்டும் கொஞ்சம் ஆடியது. சங்கிலி சுத்தியலை எடுத்துப் பின்பக்கத்தில் ஓங்கி ஒரு போடு போட்டான்.

பீரோ லேசாக உறுமியது. "கம்பி இறுகுத சத்தம்" என்றான் சங்கிலி.

மறுநாள் காலையில் பீரோவைத் திறந்து சேலையைத் தொட்ட ஆவுடையப்பன் கையை உதறினார்.

"ஏலே உத்தண்டி, இங்க வா. இதத் தொட்டுப் பாரு."

"ஐயையோ! ஐஸா இருக்கே அண்ணாச்சி."

"பீரோன்னா குளிருமாலே?"

"எங்க வீட்டு பீரோ குளிராது."

"எங்க மாமனார் வீட்டுலயும் பாத்திருக்கேன். குளிராது" என்றான் சங்கிலி.

"அப்ப ரிப்பேர்தான்" என்றார் ஆவுடையப்பன். அவர் முகம் இருண்டுவிட்டது.

எட்டு வருஷம் செத்துக்கிடந்த ஃபிரிட்ஜ் ஒரே அடியில் பிழைத்துக்கொண்டது என்று உங்களுக்கும் எனக்கும் புரிகிறது. அவர்களைப் பொறுத்தவரை அது ஃபிரிட்ஜாக இருந்தது போன வாரம். இப்போது பீரோ. பீரோ குளிர்ந்தால் கோளாறு. கோமு வருவதற்கு இன்னும் ஐந்தே நாள்.

"பிளக்கப் பிடுங்கிட்டா?" என்று உத்தண்டி ஒரு கேள்வி கேட்டான்.

"லைட்டு அணைஞ்சிருமே. மைனி இருட்டுல பச்சைச் சேலைக்குப் பதிலா நீலச் சேலைய உருவிட்டா?" என்றான் சங்கிலி.

"ஒரு கோளாற எடுக்கப் போயி இன்னொரு கோளாற உண்டாக்கப்பிடாது. அது தொழிலுக்கு அழகில்லலே" என்றார் ஆவுடையப்பன். பிளக் பேச்சு அத்தோடு முடிந்தது.

பீரோவுக்குக் கம்பளி போர்த்திப் பார்த்தார்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள். சங்கிலி ஒரு டம்ளர் சுக்குக் காப்பி போட்டு உள்ளே வைத்தான். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் காப்பி சில்லிட்டுக் கிடந்தது. "ஒரு மடக்குக்கூடக் குடிக்கல" என்று வருத்தப்பட்டான்.

அந்த நேரம் பார்த்து லூர்து டீச்சர் வந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஃபிரிட்ஜைக் கொண்டுவந்து போட்டவரே அவர்தான். நம்பிக்கை போய் வேறு வாங்கி ஏழு வருஷமாகிறது. உறுமல் சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன ஆவுடையப்பன், என் ஃபிரிட்ஜ் ஓடுதா!"

"இல்ல டீச்சர், ரிப்பேரா இருக்கு" என்றார் ஆவுடையப்பன் தலையைக் குனிந்தபடி. "குளிருது."

இருபத்தாறு வருஷம் எட்டாம் வகுப்பு எடுத்தவர் என்பதால் டீச்சர் அசரவில்லை. கதவைத் திறந்து பார்த்தார். வெளியே கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே கோமுவின் சுங்குடிச் சேலைகள் ஜில்லென்று தொங்கின. ஒன்றை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். குற்றாலச் சாரலில் நிற்கிற மாதிரி இருந்தது. அப்படியே வீட்டுக்குப் போய்க் கோமுவுக்குப் போன் போட்டார்.

"கோமு, உன் வீட்டுக்காரர் உனக்குச் சேலைக் குளிர்பெட்டி செஞ்சு வச்சிருக்கார்! இந்தத் தெருவுல, ஏன், இந்த ஜில்லாவுலயே எவளுக்கும் கிடையாது. கதவுக்கு அரக்குக் கலர் வேற."

"அரக்கா?" என்று கோமு இரண்டு தடவை கேட்டாள். இந்த மனுஷன் பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாகத் தனக்கென்று ஒன்று செய்திருக்கிறார். அதுவும் வெயிலுக்கு ஏற்ற மாதிரி, அதுவும் அரக்கில். அக்கா, அத்தான், அக்காவின் நாத்தனார் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாள். அக்கா பிள்ளைகளிடம் தொற்றிய ஜலதோஷத்தையும் பொருட்படுத்தாமல், ஒருநாள் முன்னதாகவே பஸ் ஏறிவிட்டாள்.

இங்கே அதே காலையில் உத்தண்டிக்கு ஒரு யோசனை உதித்தது.

"அண்ணாச்சி, நாம குளிர வைக்கணும்னு இதுவரைக்கும் எத்தன ஃபிரிட்ஜ் பாத்திருக்கோம்?"

"பதினொண்ணு."

"ஒண்ணாச்சும் குளிர்ந்துதா?"

"இல்ல."

"அப்ப இதையும் ஃபிரிட்ஜுன்னே நெனச்சு, குளிரணும் குளிரணும்னு ரிப்பேர் பாருங்க."

ஆவுடையப்பன் அவனை மரியாதையோடு பார்த்தார். டூல்ஸ் பெட்டியைத் திறந்து, சாமி கும்பிட்டுவிட்டு, இதைப் போல வேறு எதையும் பார்த்ததில்லை என்கிற கவனத்தோடு வேலையை ஆரம்பித்தார். ஒவ்வொரு வயரையும் துடைத்தார், ஊதினார், மாட்டினார். பத்தே நிமிஷம். பீரோ ஒரு விக்கல் விக்கி அடங்கியது. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கழித்துச் சேலையைத் தொட்டார்கள். வெதுவெதுவென்று இருந்தது.

ஆவுடையப்பன் பீரோவைக் கட்டிக்கொண்டு அழுதார். வாழ்க்கையில் அவர் சரியாக்கிய முதல் சாமான் அது. மிச்சம் திருகாணி ஐந்து.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் வாசலில் கோமு நின்றாள். அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேராக அரக்குக் கதவைத் தடவிப் பார்த்துவிட்டுத் திறந்து, ஒரு சேலையை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். மறு கன்னத்திலும் வைத்துப் பார்த்தாள்.

"குளிரலையே."

"குளிராது!" என்றார் ஆவுடையப்பன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "அஞ்சு நாளா குளிரா குளிர்ந்துச்சு கோமு. இப்பத்தான் சரி பண்ணேன்."

கோமு அவரைப் பார்த்தாள், பீரோவைப் பார்த்தாள். வாசலுக்குப் போய்ப் பையின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். "ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கேன். சாயங்காலத்துக்குள்ள என் சேலை குளிர்ந்தாகணும். இல்லேன்னா கடைசி பஸ்ஸுல நான் போறேன்" என்றாள். ஆவுடையப்பனுக்கு உலகமே நின்றுபோனது.

சரியாக இருக்கிற பீரோவை வேண்டுமென்றே கெடுப்பது எப்படி என்று மூவருக்கும் தெரியவில்லை. சங்கிலிதான் தூத்துக்குடி மீன் வண்டியை நினைவுபடுத்தினான். அதில் பாளம் பாளமாக ஐஸ் இருக்கும். ஆனால் கோமு சுத்த சைவம்.

"ஐஸுங்கது தண்ணிதானே? தண்ணி சைவம்தானே?" என்றான் சங்கிலி.

"மீன் கூடக் கிடந்த தண்ணியாச்சேலே" என்றார் ஆவுடையப்பன்.

"எந்தத் தண்ணியில அண்ணாச்சி மீன் கிடக்கல? நம்ம குளத்துலயும்தான் கிடக்கு. அதைத்தான குடிக்கோம்" என்றான் உத்தண்டி.

ஆவுடையப்பன் உடனே காசை எடுத்துக் கொடுத்தார். இரண்டு பாளம் வாங்கிச் சாக்கில் சுற்றி, பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து பீரோவுக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்தார்கள். ஐந்து மணிக்குக் கோமு தொட்டுப் பார்த்தாள். சேலை ஜில்லென்று இருந்தது. ஜலதோஷத்தில் மூக்கு அடைத்திருந்ததால் வேறொன்றும் அவளுக்குத் தெரியவில்லை. பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். ஆவுடையப்பன் அன்றைக்கு மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் உச்சிகால பூஜைக்குக் கோமு அரக்குச் சுங்குடியை உடுத்திக்கொண்டு, தலை நிமிர்ந்து, கோயிலுக்குப் போனாள். தெருமுனையில் ஒரு பூனை பின்னால் வந்தது. தேரடியில் அது நாலாயிற்று. சந்நிதியில் குருக்கள் தீபாராதனைத் தட்டோடு திரும்பியவர், கோமுவுக்குப் பின்னால் பதினோரு பூனைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்தார். முன்னால் நின்ற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள்.

கோமு திரும்பி வந்த வேகத்தில் தெருவே வழிவிட்டது. பின்னால் பூனைகளும் ஓடிவந்தன. உள்ளே போய்ப் பையை எடுத்தாள்.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க? ஏன் இத்தன பூனை என் பின்னாலயே வருது?"

ஆவுடையப்பன் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்த பூனைகளைப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு இரக்கத்தோடு சொன்னார்.

"பாவம், அதுகளுக்கும் வெக்கைதான கோமு."

கோமு அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் துளிகூடக் கள்ளம் இல்லை. திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தாள்; சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பையோடு தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஓய்ந்தது என்று நினைத்து எழுந்திருப்பாள், பூனைகளைப் பார்ப்பாள், மறுபடியும் உட்கார்ந்துவிடுவாள். அதிலேயே பொழுது சாய்ந்து, கடையநல்லூருக்குக் கடைசி பஸ்ஸும் போய்விட்டது.

அதற்குள் ஆவுடையப்பன் பீரோவின் அடிப்பாகத்தைத் துடைத்து, ஒரு துண்டை விரித்து, பூனைகளுக்கு ஒதுக்கிவிட்டிருந்தார். கதவை அகலத் திறந்துவைத்து மூவரும் காத்திருந்தார்கள். ஒரு பூனைகூட உள்ளே போகவில்லை; எல்லாம் கோமுவின் முந்தானையையே மோந்துகொண்டு சுற்றிச் சுற்றி வந்தன.

சங்கிலி ஸ்க்ரூ டிரைவரோடு போய்ப் பீரோவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். குனிந்து பூனைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"பீரோ சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி. பூனையிலதான் ஏதோ கோளாறு."