எந்த ஊர் அரிசி

"நான் கீழே இறங்கிப் போறன், அக்கா."

தர்சிகா பையோடு வந்து நின்றாள்.

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த மலை மடத்துக்கு அவள்தான் தலைவி. பழைய குரு கண்ணை மூடும்போது இடத்தை அவளிடம் விட்டுப் போனார். முப்பது வயதுகூட ஆகாதவளை அம்மா என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. நரைத்த தாடிக்காரர்களுக்கும் அவள் அக்காதான்.

"சாப்பிட்டுட்டுப் போ."

"சாப்பாடுதானே அக்கா பிரச்சினை."

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அமாவாசையன்று அவரவர் ஊர் அரிசியில் ஒரு பிடியை, ஊர்ப் பெயரைச் சொல்லி, பொது உலையில் போட வேண்டும். புதிதாக வந்தவருக்கு அதற்குப் பிறகுதான் பந்தியில் இலை. அதுவரை கிணற்றடியில், தட்டில்.

தர்சிகா இன்னும் கிணற்றடியில்தான் சாப்பிட்டாள்.

"ஊர்ப் பேரைச் சொல்லிட்டு உள்ளே வாயேன். யார் வேண்டாம்னா?"

"எந்த ஊரைச் சொல்ல? அப்பா சொல்ற ஊர் ஒண்டு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கு. நான் கண்ணால கண்டதில்ல. பிறந்தது, வளந்தது எல்லாம் இங்க, அகதி முகாம்ல. இங்க வேலை கேட்டுப் போனா 'நீ அங்கேயிருந்து வந்தவதானே'ன்னு கேக்கிறாங்க. என்ட சித்தி மகள் அங்க திரும்பிப் போயிட்டாள். அவளை அங்க 'இந்தியாக்காரி' எண்டு கூப்பிடுறாங்களாம்."

அக்கா ஒரு காம்பை ஒடித்தாள்.

"பொய் ஒண்டு சொல்லியிருக்கலாம்," என்றாள் தர்சிகா. "உலைக்கு முன்னால நிண்டு பொய் சொல்ல வரேல்ல."

"இன்னிக்கு அமாவாசை. நீ சமை."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"அடுப்புல விறகு ஈரமா இருக்கும். ஊதிக்கோ."

அமாவாசைச் சோறு அந்த மடத்தில் பேர் போனது. பாதி பல்லில் கடிபடும், பாதி களியாய் ஒட்டும். நாலு திசை அரிசியையும் ஒன்றாகக் கொட்டிக் கிளறினால் வேறெப்படி இருக்கும்? தவத்தில் இதுவும் ஒன்று என்று நினைத்து எல்லோரும் விழுங்கிக்கொண்டிருந்தார்கள்.

உலை கொதித்தது. வரிசை வந்தது. முதலில் சடையப்பன். மடத்தில் மூத்தவர், விதிகளுக்குக் காவல்காரர்.

"திருவையாறு!" என்று கையை நீட்டினார்.

தர்சிகா பானையின் வாயைத் தட்டால் மூடினாள்.

"பொறுங்கோ அண்ணை."

"யாரு, நானா?"

"உங்கட அரிசி சன்னம். இப்பப் போட்டா கூழாப் போகும்."

"இத்தனை வருஷமா நான்தாம்மா முதல்ல போடுறேன்!"

"அதான் இத்தனை வருஷமா கூழு குடிக்கோம்," என்றாள் பின்னால் நின்ற ஜெபராணி. குமரிக்காரி. வரிசை முழுதும் சிரித்தது.

தர்சிகா அவளைக் கூப்பிட்டாள். "உங்கட சிவப்பரிசிதான் அக்கா முதல்ல. அதுக்குத்தான் நேரம் கூட வேணும்."

"குலசேகரம்!" ஜெபராணி போட்டுவிட்டு, சடையப்பனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

"இதெல்லாம் உனக்கு யார் சொல்லிக் குடுத்தா?" என்றார் அவர்.

"மழைக்கு எங்கட கூரை எல்லாம் ஒழுகும் அண்ணை. காயிற அடுப்பு ஒண்டுதான் மிஞ்சும். எல்லா வீட்டு அரிசியும் அந்த ஒரு அண்டாவிலதான். எதை எப்பப் போடோணும் எண்டு அங்க சின்னப் பிள்ளையும் சொல்லும்."

அவள் கொதியைப் பார்த்தாள். அடுத்தது குண்டரிசியின் முறை.

அவளுடைய அரிசி. ரேஷனில் போட்டதில் ஒரு பை, அம்மா கட்டிக் கொடுத்தது.

பிடியை எடுத்துவிட்டாள். கை திறக்கவில்லை.

எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

உலை பொங்கி விளிம்பைத் தொட்டது.

"இப்பப் போடாட்டி வேகாது," என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். போட்டாள். வேறொன்றும் சொல்லவில்லை.

பிறகு சடையப்பனைக் கூப்பிட்டாள். கடைசியாக, வரிசையின் பின்னால் நின்ற மாதேஷின் பச்சரிசி விழுந்தது.

வடித்துத் தாம்பாளத்தில் கொட்டியபோது ஜெபராணி கிட்ட வந்து பார்த்தாள்.

"ஏசுவே! ஒண்ணோட ஒண்ணு ஒட்டல்லியே!"

இலைகள் விழுந்தன. தர்சிகா தன் தட்டைத் தேடிப் போகவில்லை. பையைத் தோளில் மாட்டினாள்.

சடையப்பன் தொண்டையைச் செருமினார். அவருக்கும் சங்கடம்தான். "சோறு நல்லா வந்திருக்கு. இல்லேங்கல. ஆனா அவ ஊர்ப் பேரு சொல்லலையே, அக்கா. விதி விதிதானே?"

"விதிதான்," என்றாள் அக்கா. "அவ போட்ட அரிசிய மட்டும் பொறுக்கி எடுத்துடுங்க. அதையும் அவளோட அனுப்பிடலாம்."

சடையப்பன் தாம்பாளத்தின் முன் குந்தினார். ஒரு பருக்கையை எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அது உங்கட அரிசி, அண்ணை," என்றாள் தர்சிகா வாசலிலிருந்து.

இன்னொன்றை எடுத்தார்.

"அது மாதேஷ் அண்ணன்ட."

"சிவப்பை விட்டா எல்லாம் வெள்ளையாத்தானே கெடக்கு!" என்று அலுத்துக்கொண்டார். "என் அரிசியே எனக்குத் தெரியல. இதுல உன்னோடத எங்க போய்ப் பொறுக்க?"

தர்சிகாவால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு வந்து, குனிந்து, ஒன்றை எடுத்தாள். யோசிக்கவே இல்லை.

"இது."

"எப்படிச் சொல்றே?"

"குண்டு. முதுகில மங்கலா ஒரு கோடு. எவ்வளவு கழுவினாலும் போகாது. பிறந்ததிலிருந்து தின்னுறன் அண்ணை, கண்ணைக் கட்டி வாயில போட்டாலும் சொல்லுவன்." இன்னொன்றை எடுத்தாள். "இதுவும்." மற்றொன்று. "இதுவும் எங்கட."

உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டே போனாள்.

அக்கா அந்தக் கைக்கு அருகில் குனிந்து பார்த்தாள். முதல்முறை பார்ப்பவளைப் போல.

"நல்லா இருக்கே. எந்த ஊர் அரிசி இது?"

தர்சிகாவின் விரல்கள் நின்றன.

உள்ளங்கையைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். பிறகு, அடக்க முடியாமல், சிரித்துவிட்டாள்.

"எங்கட முகாம்!" என்றாள். கிணற்றடி வரைக்கும் கேட்டிருக்கும். "கடைசி வரிசை, குழாயடிக்கு எதிர் வீடு!"

சடையப்பன் புருவத்தைச் சுருக்கினார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

"அப்படி ஒரு ஊர் எங்கம்மா இருக்கு?"

அக்கா ஓர் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தாள்.

"உங்க பக்கத்து இலையில."