தாளம் போட்ட ரசிகர்கள்

ஈரோட்டுப் பல் டாக்டர் மரகதவேலுக்குப் பாட்டு என்றால் உயிர். மேடை என்றால் மட்டும் உதறல். போன வருஷம் பிள்ளையார் சதுர்த்திக்கு மேடை ஏறியவர், பாதிப் பாட்டில் எதிரே இருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், "நன்றி, வணக்கம்" என்று இறங்கிவிட்டார். அன்றிலிருந்து வாயைப் பிளந்து படுத்திருக்கும் நோயாளிகூட அவரைப் பார்த்துக் கண்ணாலேயே சிரிக்கிறார். கையில் ஊசி வைத்திருக்கிற மனுஷனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றால் எவ்வளவு மானம் போயிருக்கும், நீங்களே பாருங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே மேடை. இந்த முறையும் பாதியில் நின்றால் பாட்டையே விட்டுவிடுவதாக வீட்டில் சொல்லியிருந்தார். சும்மா சொல்லவில்லை, அழுதுகொண்டே சொன்னார்.

அவருக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பவர் நளாயினி. வயதில் டாக்டரின் மகளைவிடச் சின்னவர். ஆனாலும் வகுப்புக்கு வந்தால் டாக்டர் செருப்போடு சேர்த்துத் தன் பட்டத்தையும் வெளியே கழற்றி வைத்துவிடுவார்.

"ஏனுங்க டீச்சர், பாடறப்ப கூட்டத்துக்குப் பிடிக்குதா இல்லையான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?" என்று கேட்டார்.

நளாயினி வி.ஆர். கண்ணாடியை எடுத்து அவர் தலையில் மாட்டினார். அதை மாட்டினால் போதும், அந்தச் சின்ன அறை பெரிய சபாவாகிவிடும். எதிரே வரிசை வரிசையாக ரசிகர்கள். எல்லாம் பொம்மைகள்தான், ஆனால் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரியே இருப்பார்கள்.

"இத்தனை நாளும் சும்மா உட்கார்ந்திருந்தாங்க. இன்னிக்குத் தாளம் போடுவாங்க. பாடுங்க."

டாக்டர் தொடையில் தட்டி ஆரம்பித்தார். முன்வரிசையில் ஜரிகை வேட்டி கட்டிய ஒரு தொந்திக்காரர் தட்டினார். அரங்கமே தட்டியது. டாக்டருக்குப் புல்லரித்துப்போயிற்று.

கொஞ்ச நேரத்தில் ஒரு சந்தேகம் வந்தது. தொந்திக்காரர் கை ஒரு துளி பிந்தி விழுகிறதே, நாம்தான் வேகமாக ஓடுகிறோமோ? பெரிய ரசிகராகத் தெரிகிறார், தப்பாகவா போடுவார்? டாக்டர் நிதானித்தார். அரங்கமும் நிதானித்தது. அப்போதும் ஒரு துளி பிந்தித்தான் விழுந்தது. சரி போகட்டும் என்று டாக்டர் இன்னும் கொஞ்சம் நிதானித்தார்.

சரணத்துக்கு வந்தபோது, 'கணபதி'யில் 'க'வுக்கும் 'ண'வுக்கும் நடுவே ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். மூச்சு முட்டியது. கடைசியில் டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது. தொந்திக்காரர் கையும் நின்றது. முன்வரிசை, பின்வரிசை, பால்கனி, அத்தனை பேர் கையும் மேலேயே நின்றது. ஒன்றும் கீழே வருகிற வழியாக இல்லை.

"டீச்சர், கரண்ட் போயிருச்சுங்களா?"

"இல்லீங்களே."

"பின்னே ஏன் எல்லாரும் நின்னுட்டாங்க?"

"நீங்க ஏன் நின்னீங்க?"

"அவர் தட்டட்டும்னு பார்த்தேன்."

"எவரு?"

"அந்த ஜரிகை வேட்டிக்காரருங்க. நல்ல ஞானஸ்தர் போல."

நளாயினிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க டாக்டர். நீங்க தட்டறதைப் பார்த்துத்தான் அவர் தட்டுவார். மத்தவங்களும் அப்படித்தான். அதான் துளி பிந்துது."

டாக்டருக்கு முகம் சுண்டிவிட்டது.

"அப்போ ஞாயித்துக்கிழமை யார் முகத்தைப் பார்த்துங்க பாடறது? எனக்குப் பயமா இருக்குதுங்க."

"அவங்க உங்க பின்னாடி வர்றாங்க. நீங்க அவங்க பின்னாடி போறீங்க. அந்தப் பாட்டு, பாவம், அது யார்கூடங்க போகும்?"

டாக்டர் மறுபடியும் தொடையில் ஒரு தட்டு தட்டினார். தொந்திக்காரர் தட்டினாரா என்று பார்க்கவில்லை.