குளவி வராத நாள்

பூமாலைக் கரடி ஆட வருகிறது என்றால் போதும், காடே குளக்கரையில் கூடிவிடும். முயல்கள் விடிந்ததுமே வந்து முன்வரிசையில் இடம் பிடிக்கும். யானை பின்னால் நிற்கும். அது முன்னால் நின்றால் மற்றவர்களுக்கு என்ன தெரியும்?

ஆட்டம் இதுதான். கரையில் இருந்த நாவல் மரத்தில் ஒரு குளவிக் கூடு தொங்கியது. பூமாலை அதைத் தேன்கூடு என்று நினைத்த மாதிரி சப்புக்கொட்டிக்கொண்டு வரும். ஒரு தட்டு தட்டும். குளவிகள் பாயும். உடனே பூமாலை ஒற்றைக்காலில் குதிக்கும், சுற்றும், பின்பக்கத்தைத் தேய்க்கும், கடைசியில் குளத்தில் தொபுக்கடீர் என்று விழும்!

"ஐயோ, என்னால முடியலை!" என்று குரங்கு விழுந்து விழுந்து சிரிக்கும்.

"இவ்வளவு முடிக்குள்ள குளவி எங்கே கொட்டும்? எல்லாம் நடிப்பு! அடடா, என்ன நடிப்பு!" என்று யானை மெச்சும்.

நடிப்பே இல்லை. கொட்டியதெல்லாம் நிஜம்.

முதல் தடவை உண்மையிலேயே தேன் என்று நம்பித்தான் பூமாலை கையை நீட்டியது. வலி தாங்காமல் குதித்தது. எல்லாரும் சிரித்தார்கள். அதுவரை "சாப்பிட்டியா?" என்றுகூட யாரும் கேட்காத கரடியை அன்று காடே சூழ்ந்துகொண்டு, "மறுபடி எப்போ?" என்று கேட்டது. அந்தக் கேள்வியில் பூமாலை மயங்கிப்போனது. அதிலிருந்து பத்து நாளைக்கு ஒரு ஆட்டம்.

ஆடி முடித்தால் மூன்று நாளைக்கு அதனால் உட்கார முடியாது. குகையில் குப்புறப் படுத்து முனகும். மனைவி காத்தாயி சேற்றைக் குழைத்து வீங்கிய இடமெல்லாம் பூசும். காத்தாயி மட்டும் ஒருநாளும் ஆட்டம் பார்க்கப் போனதில்லை. "சாமி, இவருக்கு நல்ல புத்தியைக் கொடு" என்று காலையில் சூரியனைப் பார்த்துக் கும்பிடும்.

போன ஆட்டத்தில் ஒரு குளவி இடது கண் ஓரமாகக் கொட்டிவிட்டது. கண் கொய்யாப்பழம் மாதிரி வீங்கி மூடிக்கொண்டது.

"இன்னொரு தடவை அங்கேயே கொட்டினா கண்ணே போயிடும். வலிக்குதுன்னு சொல்லி நிறுத்துங்களேன்!" என்றது காத்தாயி.

"சொன்னா சிரிப்பாங்களா? சிரிக்கலைன்னா என்னைத் தேடி யாரு வருவா? மழை வந்த சந்தோஷத்துக்கு நாளைக்குப் பெரிய ஆட்டம். போய்த்தான் ஆகணும்!"

காத்தாயி நேரே நாவல் மரத்துக்குப் போனது.

"குளவியக்கா! நாளைக்கு என் வீட்டுக்காரர் வந்தா கொட்டாதீங்க. உங்களுக்குப் புண்ணியமா போகும்!"

தலைமைக் குளவி சீறியது. "நாங்களா அவரை வெத்திலை பாக்கு வெச்சு அழைக்கிறோம்? மாசத்துக்கு மூணு தடவை கூட்டைப் பேத்துடறாரு! கட்டிக் கட்டி எங்களுக்கு இடுப்பு ஒடியுது!"

காத்தாயியின் கண் கலங்கியதும் குளவியின் குரல் இறங்கியது. "அழாதே தாயி. இன்னைக்கே ஆத்துக்கு அந்தப் பக்கம் குடி போயிடறோம். அவர்கிட்ட சொல்லிடாதே, பின்னாலேயே வந்துடுவாரு!"

மறுநாள் காத்தாயியும் வந்து கூட்டத்தின் ஓரமாக நின்றது. பூமாலை சப்புக்கொட்டிக்கொண்டு வந்தது. ஒரு தட்டு தட்டியது. ஒன்றும் வரவில்லை. இன்னொரு தட்டு! கூடு பொத்தென்று விழுந்து உருண்டது. உள்ளே காலி.

"ஏன் மாமா ஆடலை?" என்றது ஒரு முயல்.

பூமாலை ஒற்றைக்காலைத் தூக்கிப் பார்த்தது. குதிக்க வரவில்லை. "குளவி வரலையே! கொட்டாம எனக்கு ஆடத் தெரியாதே!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டது.

"அப்போ இத்தனை நாளும் நிஜமாவே வலிச்சுதா?" என்று முயல் கேட்டது.

"வலிச்சுதாவா? ஒருநாள் முள்ளம்பன்றி சண்டைக்கு வந்துச்சு. என் பின்பக்கத்தைப் பார்த்துட்டு, 'அண்ணே, புதுசா குத்த இதுல இடமே இல்லையே'ன்னு திரும்பிப் போயிடுச்சு, கண்ணு!"

குரங்கு களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டது. யானை தும்பிக்கையை வாய்க்குள் திணித்துக்கொண்டது. "மன்னிச்சிடு பூமாலை. வலியில துடிச்சவனைப் பார்த்தா நாங்க இத்தனை நாள் சிரிச்சோம்..."

பூமாலை எல்லார் முகத்தையும் பார்த்தது. பிறகு அதன் முகம் மலர்ந்தது.

"அடக்காதீங்க, நல்லா சிரிங்க! இது வலிக்கலை!"

காடே அதிர்ந்தது! காத்தாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தது. எருமை கொம்பில் குளிர்ந்த சேற்றை அள்ளிவந்து பூமாலையின் வீங்கிய கண்மேல் பூசியது. பூமாலை பாறைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தான் பட்ட பாட்டையெல்லாம் உச்சிவெயில் வரை சொன்னது.

கலையும்போது முயல் ஓடிவந்தது. "கண்ணு இப்போ எப்படி இருக்கு மாமா?" என்று முதலில் கேட்டது. அப்புறம்தான், "மறுபடி எப்போ?" என்றது.

நம்மைச் சிரிக்க வைக்கிறவருக்கும் வலிக்கும். அதை அவரும் மறைக்க வேண்டாம், நாமும் கேட்க மறக்க வேண்டாம்.