வெறும் வட்டம்

சேர்மன் சங்கரபாண்டியன் படம் இல்லாமல் அந்த ஊரில் காதுகுத்துப் போஸ்டர்கூட ஒட்ட முடியாது. உச்சியில் ஒரு வட்டத்துக்குள் அவர் சிரித்துக்கொண்டிருப்பார். அவர் ஏவித்தான் எசக்கிமுத்து சாக்கடைக் குழிக்குள் இறங்கினான். பிணமாகத்தான் வெளியே வந்தான். பெண்டாட்டி பேச்சியம்மாள் அதை அப்படியே ஃபேஸ்புக்கில் எழுதிவிட்டாள்.

"என் பேரு, படம் எதுவும் வரப்படாது. அழி. இல்லேன்னா ஜெயிலுதான்" என்று ஆள்விட்டுச் சொன்னார் சேர்மன்.

அழித்தாள். அதே இடத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்றைப் போட்டாள். நடுவில் புருஷன் படம். உச்சியில் வெறும் வட்டம்.

சாவு விழுந்த துஷ்டி வீடென்றும் பாராமல் பாய்ந்து வந்தார் சேர்மன். "ஏட்டி, வட்டத்துக்குள்ள இருக்கது நான்தானே? அழி அதை!"

"உள்ள யாருமே இல்லியே அய்யா. இல்லாதத எப்படி அழிக்க?"

அழ வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனை எடுத்தார்கள். பொழுது சாய்வதற்குள் ஊரில் ஒருத்தர் ஃபேஸ்புக் டிபியிலும் முகம் இல்லை. எல்லாம் வெறும் வட்டம்.